தைராய்டும் குடும்பவழியும்: சென்னை சார்ந்த ஒரு நோக்கு

தைராய்டுக் கோளாறு குடும்பவழியாக வருகிறதா என்னும் கேள்விக்கு இந்திய மருத்துவம் நெடுங்காலம் மண்ணையும் நீரையும் காட்டியே விடை கூறிவந்தது. தாய்க்கும் மகளுக்கும் முன்கழுத்தில் கழலை தோன்றுவதற்கு இருவர் உணவிலும் அயோடின் குறைந்ததே காரணம் என்பதை, வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956இல் இமயமலைச் சாரலின் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டியதன் வழியே நிறுவியது. தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் உருவானது. ஒரே குடும்பத்தினர் ஒரே உப்பை உண்டார்கள் என்பதே அக்கால விளக்கம். மரபுக்கு அதில் பெரிய இடமில்லை.

அதே 1956இல் லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோர், ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களிடம் கண்டு விவரித்த தைராய்டு அழற்சியில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தைராய்டு சுரப்பியைப் பகையெனக் கருதித் தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். 'தன்னெதிர்ப்பு நோய்' எனப்படும் இவ்வகைதான் மரபு பற்றிய கேள்வியை மீண்டும் எழுப்பியது. இவ்வகையைச் சேர்ந்த, மிகைச்சுரப்பை உண்டாக்கும் கிரேவ்ஸ் நோய், டென்மார்க்கின் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இணைகளில்தான் என்றும், இருகரு இரட்டையரில் அது மிக அரிது என்றும் தெரியவந்தது. மரபணு முழுதும் ஒத்திருந்தும் பெரும்பாலான இணைகளில் மற்றவருக்கு நோய் வரவில்லை என்பதால், வழிவழி வருவது நோயன்று, நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே எனலாம்.

கடலோரச் சென்னைக்கு இந்தத் தன்னெதிர்ப்பு விளக்கம் நேரடியாகப் பொருந்தும். சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவும், ஐவரில் ஒருவருக்கு எதிர்ப்பொருளும் இருப்பதைக் கண்டது. கடலோர நகரங்களில் சுரப்புக் குறைவு சற்றே அரிதாக இருந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ 'எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தைராய்டு' என்று கூறப்படும்போது, ஒருவருக்குக் கண்டறியப்பட்டவுடன் தங்கை, மகள் என அனைவரும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்வதால் குடும்பத்தொடர்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றக்கூடும் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். நேரடி மரபுவழி நோய்கள் இவற்றினும் வேறானவை: தைராய்டுப் புற்றுநோய்களில் அரிதான 'மெடுல்லரி' வகையின் ஒரு பகுதி, 'ரெட்' என்னும் ஒற்றை மரபணுவின் மாற்றத்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் செல்லக்கூடியது.

தமிழகத்தில் கருதவேண்டிய மற்றொரு சிக்கல் உறவுமுறைத் திருமணம். சுரப்பை உருவாக்கும் நொதி ஒன்றில் குறையுள்ள மரபணு, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தாலன்றிப் பிறவிச் சுரப்புக் குறைவாக வெளிப்படாது. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும்போது இருவரிடமும் அதே குறை மறைந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்தபோது, பிறவித் தைராய்டுக் குறைவு 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்தது. தென்னிந்தியாவில் அது மேலும் மிகுதி. பிறவிக் குறைவில் பெரும்பகுதி சுரப்பி சரிவர உருவாகாமையால் வருவதாகையால், உறவுமுறைத் திருமணத்தின் மேல் முழுப்பழியையும் ஏற்றுவது பொருந்தாது. ஆயினும், குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தில் குறையைக் கண்டு இரண்டு வாரத்திற்குள் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கினால், அறிவு வளர்ச்சி குன்றுவதைப் பெரும்பாலும் தடுக்க முடியும்.