வீடு அவளுடையது, வெளியேறுபவளும் அவளே

அடிபடும் பெண் ஏன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்ற கேள்வியைப் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் கேட்டு வந்திருக்கிறேன். படித்தவர்களும் கேட்பார்கள், சட்டத்தரணிகளும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் பல குடும்பங்களில் அந்த வீடே அவளுடையது. சீதனமாக அவளுக்கு உறுதி எழுதிக் கொடுத்தது. போக வேண்டியவள் அவளா என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஒல்லாந்தர் 1707 இல் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தேசவழமை என்ற சட்டத் தொகுப்பாக்கினர். சீதனம் மனைவியின் சொத்து என்பது அவ்வழக்கத்தின் அடிப்படைகளுள் ஒன்று. ஆயின் 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைக் கட்டளைச்சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளிற் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்றது. காணியை விற்று வேறிடம் சென்று வாழ நினைப்பவள், தன்னை அடிப்பவனிடமே கையொப்பம் கேட்க வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அதற்கும் காசு வேண்டும், காலம் வேண்டும்.

விவாகரத்தும் எளிதன்று. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிடுதல், தீராத ஆண்மைக் குறைபாடு முதலான காரணங்களையே ஏற்றது. கொடுமை அதில் ஒரு தனிக் காரணமாக இடம்பெறவில்லை. அடி தாங்காது தாய் வீடு சென்றவள், அவனே தன்னை வெளியேறச் செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தவறினால், கைவிட்டவள் என்ற பழி அவள் மேலேயே விழும்.

பொலிஸ் நிலையத்தின் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைகள் சட்டம் சாதாரண காயம் விளைவித்தல் போன்ற சிறு குற்றங்களை மத்தியஸ்தத்துக்கு அனுப்பியது. மத்தியஸ்தத்தின் நோக்கம் இணக்கம். ஆகவே பல பெண்கள் முறைப்பாட்டோடு சென்று, சமாதானத்தோடு அதே வீட்டுக்குத் திரும்பினர். தமிழ் தெரியாத உத்தியோகத்தரிடம் படுக்கையறைத் துயரைச் சொல்லி, அது சிங்களத்தில் எழுதப்பட்ட பின் கையெழுத்திட வேண்டியிருந்த பெண்ணின் நிலையையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோதும், நீதிமன்றத்தாற் பிரித்து வைக்கப்பட்ட மனைவியைத் தவிர ஏனைய மனைவியர் விடயத்தில் கணவனின் வல்லுறவு குற்றமாகவில்லை.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமே கேள்வியைத் திருப்பிப் போட்டது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். அடிப்பவன் அந்த வீட்டுக்குள் நுழைவதையே நீதவான் தடுக்கலாம். வெளியேற வேண்டியவன் யார் என்பதைச் சட்டம் அப்போதுதான் சொல்லியது. ஆயினும் அக்கட்டளையின் ஆயுள் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய முதலாவது நாடளாவிய ஆய்வின்படி, கணவன் அல்லது துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானோர், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர். உதவி நாடாதவர்கள் சொன்ன காரணங்களில் வெட்கமும் பழிக்கு அஞ்சுதலும், தம்மை நம்பமாட்டார்கள் என்ற எண்ணமும் இருந்தன.

அந்த வெட்கத்தை ஊட்டியவர்கள் நாம். "பொறுத்துப் போ பிள்ளை" என்று தாய் சொல்கிறாள். கனடாவிலும் இலண்டனிலும் இரவு பகலாக உழைத்துச் சீதனம் கொடுத்த தமையனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று அவளும் அடங்கிப் போகிறாள். இதை வாசிக்கும் தமையன்மாரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அடுத்த தடவை தொலைபேசியில் தங்கையிடம் சுகம் விசாரிக்கும்போது, அவள் மறுமொழி சொல்லத் தாமதித்தால், அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். "அந்த வீடு உன்னுடையது, நான் உன் பக்கம்" என்று சொல்லுங்கள். எந்தச் சட்டத்தின் வாசலுக்குப் போவதற்கும் முதல் அவளுக்கு வேண்டியது அந்தச் சொல்தான்.