துவராடை உடுத்த தந்தை

புதுப்பட்டினத்திலிருந்து பேருந்தில் செங்கற்பட்டுக்குப் போய், அங்கே மின்தொடர் வண்டி ஏறினால், சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்து மறைமலை நகர் வரும். அந்த மறைமலை யார் என்று வகுப்பில் கேட்டால், ‘தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை’ என்று மதிப்பெண்ணுக்குரிய விடை உடனே கிடைக்கும். அவ்விடையில் உள்ள ‘தந்தை’ என்னும் சொல்தான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இயக்கத்துக்குத் தந்தையாவதற்கு முன்பே அவர் ஒரு வீட்டில் தந்தையாக இருந்தவர்.

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியில் 1876 சூலை 15ஆம் நாள் பிறந்த வேதாசலம், இளமையிலேயே தம் தந்தை சொக்கநாத பிள்ளையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அன்னை சின்னம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்து, புத்தக வணிகம் செய்துவந்த நாராயணசாமி பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் கற்றார். பதினேழு வயதளவில் சௌந்தரவல்லி அம்மையாரை மணந்தார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். பட்ட வகுப்புக்குத் தமிழ் கட்டாயப் பாடம் அன்று என்று ஆனபோது, 1911இல் அப்பணியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். கல்லூரி ஊதியத்தில் குடும்பம் நடத்துகிற என்னைப் போன்றோர்க்கு அந்த ஒற்றை வரியின் கனம் தெரியும். நூல் விற்பனையும் சொற்பொழிவுமே இனி வருவாய். இலங்கைக்கும் பன்முறை சென்று சொற்பொழிந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அவர் துவராடை உடுத்தார். துறவென்றால் இல்லத்தை விட்டு வெளியேறுதல் என்றே நாம் படித்திருக்கிறோம். பட்டினத்தார் கதையும் அதையே சொல்கிறது. இவரோ துறவு பூண்ட பின்னும் மனைவி மக்களோடேயே வாழ்ந்தார். இதனை முரண் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தந்தையில்லாத வீடு எப்படியிருக்கும் என்பதை அறிந்த ஒருவர், தம் பிள்ளைகளுக்கும் அதை வைத்துவிட்டுப் போக மனம் கொள்ளாதது இயல்பேயன்றோ?

அந்த வீட்டுத் தோட்டத்தில்தான் 1916இல் நாம் எல்லோரும் அறிந்த நிகழ்ச்சி நடந்தது. மகள் நீலாம்பிகைக்கு அப்போது பதின்மூன்று வயது. வள்ளலாரின் பாடல் ஒன்றைச் சொல்லிக்கொண்டு மகளோடு உலவியவர், அதில் வரும் ‘தேகம்’ என்பதற்கு மாற்றாக ‘யாக்கை’ என்றிருந்தால் இன்னும் சிறக்கும் என்று விளக்கினார். அப்படியாயின் நாமும் பிறமொழிச் சொல் கலவாமலே பேசலாமே என்பது மகளின் எண்ணம். பாடநூல்கள் இவ்விடத்தில் தந்தையின் புலமையைப் போற்றி நின்றுவிடுகின்றன. எனக்கு வியப்பளிப்பது வேறு. நாற்பது வயதுப் பேரறிஞர், அச்சேறிய பல நூல்களுக்கு ஆசிரியர், சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழாக்கியவர், சிறுமி ஒருத்தியின் சொல்லுக்காகத் தம் பெயரையே மாற்றிக்கொண்டார். வேதாசலம் மறைமலை ஆனார். ‘ஞானசாகரம்’ இதழ் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. வீட்டில் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும் வழக்கமில்லாத ஒருவரிடம் இது நிகழ்ந்திராது.

மாற்றம் பிள்ளைகளின் பெயர்களையும் விடவில்லை. ஆண்மக்கள் நால்வர்க்கும் சைவக் குரவர் நால்வரின் பெயர்களை இட்டிருந்தார். அவற்றுள் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனது; மாணிக்கவாசகம் மணிமொழி ஆனது; சுந்தரமூர்த்தி அழகுரு ஆனது. மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். திருநாவுக்கரசுக்கு மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. வேடிக்கை என்னவெனில், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நீலாம்பிகை வடமொழிப் பெயரோடேயே நமக்கு அறிமுகமாகிறார்! தந்தையிடம் தமிழ் கற்ற அவர், வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் தரும் அகரவரிசை ஒன்றைத் தொகுத்தார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், ஈ.வெ.ரா.வைப் ‘பெரியார்’ என அழைக்க வேண்டுமெனத் தீர்மானித்தது அம்மாநாடே.

அந்த மகளை அடிகள் தம் முதுமையில் பறிகொடுத்தார். துறவியாயினும் அதனை எப்படித் தாங்கினாரோ! 1950 செப்டம்பர் 15ஆம் நாள் பல்லாவரத்தில் அவரும் மறைந்தார்.

அவர் போற்றிச் சேர்த்த நூல்கள் ஏறத்தாழ நாலாயிரம். 1958இல் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அவற்றைக்கொண்டு மறைமலையடிகள் நூலகம் அமைத்தது. 2008இல் அந்நூலகம் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. தம் நாட்குறிப்பை அவர் ஆங்கிலத்தில் எழுதிவந்தார் என்பதும் பலர்க்கு வியப்பளிக்கும் செய்தி.

அவர் வாழ்க்கையை விரிவாக எழுதியவர் மகன் மறை. திருநாவுக்கரசு. தந்தையைப் பற்றி மகன் எழுதும்போது பாராட்டு மிகுதல் இயல்பு. அந்நூலைப் படிக்கையில் அதற்காக ஓரளவு கழித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவரின் சொல் வேறெங்கும் கிடைக்காது. அவருக்குப் பின் பேரனும் பாட்டனாரைப் பற்றி எழுதினார். அவர் பெயரை மறை. தி. தாயுமானவன் என்று அச்சிடுகிறார்கள். முதலெழுத்துகளில் முன்னே பாட்டனார், அடுத்துத் தந்தை.