மாடல் டி: விலையும் உழைப்பும்

மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஃபோர்டு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார். ஃபோர்டின் சாதனை வேறு. செல்வர்களின் உடைமையாக இருந்த வண்டியை அவர் உழவரின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அஃது எவ்வாறு நிகழ்ந்தது, அதற்காக உழைத்தவர் நிலை என்ன ஆயிற்று என்னும் இரண்டையும் சுருங்கக் கூற விரும்புகிறேன்.

1908-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 'மாடல் டி' வெளிவந்தது. அந்நாளில் அந்நாட்டுக் கிராமச் சாலைகள் சேறும் பள்ளமுமாகக் கிடந்தன. ஆகவே, வண்டியை உயரமாகவும் இலேசாகவும் அமைத்தனர். வனேடியம் கலந்த உருக்கு, எடையைக் கூட்டாமல் வலிமையைத் தந்தது. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பாக அமைந்தன. அவற்றின் மேல்மூடியைத் தனியே கழற்றலாம். ஆகவே, உள்ளே பழுது நேர்ந்தால் திறந்து பார்ப்பது எளிதாயிற்று. அதன் ஆற்றல் 20 குதிரைத் திறன்.

குறையும் உண்டு. ஆசனத்தின் அடியிலிருந்த கலத்திலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கி வரும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் கலத்தைவிட உயர்ந்துவிடும். பெட்ரோல் வந்து சேராது. அப்போது வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றுவார்கள்!

வண்டியினும் பெரிய புதுமை அதைச் செய்த முறையே. 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் வேலையைத் தேடி மனிதன் நடப்பது நின்றது. வேலையே மனிதனிடம் நகர்ந்து வந்தது. ஒருவர் ஓர் ஆணியைச் செருகுவார்; அடுத்தவர் திருகை முடுக்குவார். வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு சுமார் 12½ மணி நேரம் ஆயிற்று. 1914-இல் 93 நிமிடமே போதுமாயிற்று. 1908-இல் 850 டாலர் விலை கூறிய வண்டியின் மிக மலிவான வகை, 1925-இல் 260 டாலருக்குக் கிடைத்தது.

ஆனால், நாள் முழுவதும் ஒரே அசைவைச் செய்து சலித்த தொழிலாளர் கூட்டம் கூட்டமாக விலகினர். 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்திவைக்க 52,000-க்கு மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1914 ஜனவரியில் ஃபோர்டு 8 மணி நேர வேலைக்கு 5 டாலர் அறிவித்தார். அதுவரை கிடைத்துவந்ததைப் போல் அஃது ஏறக்குறைய இரு மடங்கு. கொடைத்தன்மை என்று அதை உலகம் புகழ்ந்தது. சலிப்புக்கு ஈடாகக் கொடுத்த விலை என்றே நான் கருதுகிறேன். அந்தத் தொகையைப் பெறுவோரின் இல்லற ஒழுக்கத்தையும் நிறுவனத்தின் அலுவலர்கள் வீடு தேடிச் சென்று விசாரித்தனர்.

1927-இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. எண்ணற்ற எளிய குடும்பங்களுக்கு அவை தொலைவைக் குறைத்தன. அந்த நன்மை மெய்யானது. எனினும், ஒரு பொருள் மலிவாகும்போது அதன் சுமை யார் தோளுக்கு மாறியது என்பதையும் கேட்டறிதல், பொறியியலும் வரலாறும் பயிலும் மாணவர்களின் கடமையாகும்.