பேரடை ஒளிப்படக்கலையும் யாழ்ப்பாணத் தீவகமும்

பேரடை ஒளிப்படக்கலை என்பது, நமது பால்வழிக்கு வெளியே இலட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள விண்மீன் பேரடைகளின் மங்கிய ஒளியைத் தொலைகாட்டியில் நெடுநேரம் திரட்டிப் படமாக்கும் கலை. இது தொடக்கம் முதலே ஆர்வலர்களின் கை பட்டு வளர்ந்த துறை. குழிவாடி பொருத்திய தெறிப்புத் தொலைகாட்டியே இதன் அடிப்படைக் கருவியாக இருந்து வந்திருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் முதலிய ஊர்களைக் கொண்ட யாழ்ப்பாணத் தீவகம், வட அகலக்கோடு ஏறத்தாழ 9.5 முதல் 9.75 பாகைக்குள் அமைந்துள்ளது. வட வானத்துப் பேரடைகளையும் தென் வானத்துப் பேரடைகளையும் ஒரே இடத்திலிருந்து படமெடுக்க இந்த அமைவிடம் வாய்ப்பளிக்கிறது.

தோற்றம்

தெறிப்புத் தொலைகாட்டியை நியூற்றன் 1668இல் செய்தார். அக்காலத்து ஆடிகள் உலோகத்தால் ஆனவை, விரைவில் மங்கின. 1845இல் அயர்லாந்தின் ரோஸ் பிரபு, தமது 72 அங்குல உலோக ஆடி வழியாக எம்51 பேரடையின் சுருள் வடிவத்தைக் கண்டு கையால் வரைந்தார். 1850களில் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை வந்தபின், இலேசான, நன்கு தெறிக்கும் ஆடிகள் ஆர்வலர்களுக்கும் எட்டின.

இங்கிலாந்தில் கட்டடத் தொழில் நடத்திய ஐசக் றொபேட்ஸ், 1888 டிசம்பரில் 20 அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டியால் அந்திரோமேடாப் பேரடையைப் படம்பிடித்தார். அதன் சுருள் அமைப்பைத் தெளிவாகக் காட்டிய முதற்படம் அதுவே. உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு சூரியக் குடும்பத்தைக் கண்டதாகவே அவர் கருதினார். அது தனிப் பேரடை என்பது, 1923இல் எட்வின் ஹபிள் 100 அங்குலத் தொலைகாட்டிப் படங்களில் அங்கே, தொலைவை அளக்க உதவும் ஒரு செஃபீட் மாறொளி விண்மீனை இனங்கண்ட பின்னரே உறுதியானது. அந்திரோமேடா 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக இன்று கணிக்கப்படுகிறது.

வடபுலத்து வானியல் மரபு

தீவகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் முதன்மைப் பாடங்களாக இருந்தன. அதன் அதிபர் டானியல் பூர், 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி அராலிப் பஞ்சாங்கக் கணக்கோடு வாதிட்டது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. பின்னர் அங்கு கற்பித்த ஹென்றி ஹொய்சிங்ரன், தமிழ் வானியல் நூலான உள்ளமுடையானை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848இல் வெளியிட்டார்.

இம்மரபில் தீவகம் தந்த பெரும் பெயர் காரைநகரைச் சேர்ந்த அலன் ஏபிரகாம் (1865–1922). வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1910இல் தோன்றிய ஹேலி வால்வெள்ளி பற்றிய ஆய்வால் அறியப்பட்டு, 1912இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். பெரிய வானாய்வு நிலையம் எதுவும் இல்லாத ஊரிலிருந்து உலக அரங்கில் இடம்பெற்ற அவர், தீவக ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் முன்னோடி.

பிற்காலத்தில் பெரிய தொலைகாட்டிகள் தீவகத்துக்கு வெளியே அமைந்தன. 1996இல் ஜப்பானிய உதவியுடன் மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 45 செ.மீ. தெறிப்புத் தொலைகாட்டி நிறுவப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் காவலூரில் 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி 1986 முதல் இயங்குகிறது. 2010 ஜனவரி 15, 2019 டிசம்பர் 26 ஆகிய நாள்களின் கங்கண சூரிய கிரகணங்கள் யாழ்ப்பாணத்தில் தெரிந்தபோது வான்நோக்குவோரின் பார்வை வடக்கின் மீது திரும்பியது.

தீவக வானம்

சித்திரை மாத இரவில் கன்னிராசிப் பேரடைக் கொத்து தீவகத்தின் உச்சிவானைக் கடக்கிறது. அதன் நடுவிலுள்ள எம்87, தலைக்கு நேர்மேலிருந்து 3 பாகை மட்டுமே வடக்கே விலகிச் செல்லும். அங்கே காற்றுமண்டலத்தின் தடிப்பு மிகக் குறைவு என்பதால் படம் தெளிவாக விழும். அதே பருவத்தில் சென்டோரஸ் ஏ பேரடை, தெற்கே ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் நிற்கிறது. றொபேட்ஸ் படமெடுத்த இங்கிலாந்தில் அது உதிப்பதே இல்லை. பெரிய மெகலன் முகில் என்னும் பேரடைகூட மார்கழி, தை மாதங்களில் தென்கடலுக்கு மேலே சுமார் 10 பாகைவரை எழுகிறது.

அந்திரோமேடா 58 பாகை உயரத்துக்கு வருமெனினும், அது இரவில் உயர்ந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடக்கின் மாரிகாலம். வைகாசிக்குப் பின் சோளகக் காற்று தொலைகாட்டிக் குழாயை அசைக்கும். ஆகவே மாசி முதல் சித்திரை வரையிலான காலமே தீவகத்தில் பேரடைப் படத்துக்கு உகந்தது.

கருவியும் முறையும்

ஆர்வலர் பெரிதும் கையாளுவது 200 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூற்றன் வகைத் தொலைகாட்டி. அதில் 23.5 மி.மீ. அகல உணரியுடைய கமராவைப் பொருத்தினால் 1.35 பாகை அகல வானம் படத்தில் விழும். ஏறத்தாழ 3 பாகை நீளமுள்ள அந்திரோமேடா அதற்குள் அடங்காது. கன்னிராசியின் சிறு பேரடைகள் பல ஒன்றாக அடங்கும்.

பூமியின் சுழற்சியால் விண்மீன்கள் செக்கனுக்கு 15 வில்செக்கன் நகர்வதால், தொலைகாட்டித் தாங்கியின் அச்சு வான்துருவத்தை நோக்கி இருக்கவேண்டும். தீவகத்தில் துருவமீன் அடிவானத்திலிருந்து 10 பாகை அளவிலேயே நிற்பதால் கடற்புகாரில் அடிக்கடி மறைந்துவிடும். அப்போது உச்சிக்கு அருகிலும் கிழக்கிலும் உள்ள விண்மீன்கள் விலகும் போக்கைப் பார்த்து அச்சைத் திருத்துவர். பின்னர் சில நிமிடப் படங்களைப் பல மணி நேரம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பர். ஒரே பேரடையின் ஒளி படத்துக்குப் படம் ஒன்றாகவே இருக்க, உணரியின் இரைச்சல் மாறிக்கொண்டே இருக்கும். சராசரி காணும்போது இரைச்சல் தணிந்து சுருட்கைகள் மேலெழும்.

உப்புக்காற்று ஆடியின் அலுமினியப் பூச்சை அரிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் குழாயை இறுக மூடி, ஈரமுறிஞ்சி இட்டு வைப்பது அவசியம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகிலேயே செல்லவேண்டியிருப்பதால், கழற்றிப் பூட்டக்கூடிய கருவியே ஏற்றது. படகில் அசைந்து வந்த ஆடிகளைப் படமெடுக்குமுன் நேர்ப்படுத்தியாக வேண்டும்.

இன்றைய நிலை

ஊர்காவற்றுறையின் கீழ்வானில் யாழ்ப்பாண நகரத்தின் வெளிச்சம் படிகிறது; நெடுந்தீவு அதிலிருந்து விலகி நிற்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்று மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு 2024இல் இந்திய நிதியுதவியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தீவக மக்களுக்கு அந்த மின்சாரம் நீண்டநாள் தேவை. அதனோடு வரும் வீதி விளக்குகளை மேற்பக்கம் மூடி, ஒளி நிலத்தில் மட்டும் விழும்படி அமைத்தால் மக்களுக்கு வெளிச்சமும் வானுக்கு இருளும் ஒருங்கே கிடைக்கும். அலன் ஏபிரகாம் பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அந்த இருளைக் காத்துக் கொடுப்பது, திட்டமிடுவோர் இப்போதே செய்யவேண்டிய கடமை.