மேடேறிய எரிபொருள்

ஃபோர்டு நிறுவனம் 1917ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ‘டி.டி.’ லாரியில் எரிபொருள் பம்பே கிடையாது. இருக்கைக்கு அடியிலிருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் புவியீர்ப்பினாலேயே இயந்திரத்திற்கு இறங்கி வந்தது. தொட்டியில் பெட்ரோல் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால், இயந்திரம் தொட்டியினும் உயர்ந்துவிடும், பெட்ரோல் எட்டாது. ஆகவே, ஓட்டுநர்கள் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தியே மேடேற்றினர்.

அந்நிறுவனம் 1932இல் வெளியிட்ட எட்டு உருளை இயந்திரத்தில் பம்பு இடம்பெற்றது, இக்குறை நீங்கிற்று. ஆயினும், அப்பம்பின் உயிர் மெல்லிய சவ்வொன்றில் இருந்தது. இன்று பல நாடுகளில் பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால், பழைய சவ்வையும் ரப்பர்க் குழாயையும் அரித்துவிடுகிறது. எனவே, பழைய லாரிகளைப் பேணுவோர் பம்போடு குழாய்களையும் மாற்றுதல் வேண்டும். பம்பு புதிதாயினும், பழங்குழாய் கசிந்தால் சூடேறிய இயந்திரத்தருகே தீ மூளும்.