சவலைக் குழந்தையும் குன்னூர் ஆராய்ச்சிசாலையும்

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே புறப்படும் ரயில், பெரியநாயக்கன்பாளையத்தையும் காரமடையையும் கடந்து மேட்டுப்பாளையம் சேர்கிறது. அங்கே மலை ரயிலில் மாறி ஏறினால் குன்னூரை அடையலாம். இவ்வழியே சென்ற மாணவர் பலர் இருப்பர். ஆயினும், உணவின்றி நலிந்த குழந்தையைப் பிழைக்கச் செய்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை தேடியோர் அம்மலையில் இருந்தனர் என்பதைச் சிலரே அறிவர்.

1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் சில எலிகளுக்குச் சீக்கியரின் உணவையும், வேறு சிலவற்றுக்குச் சென்னை மாகாணத்து அரிசியுணவையும் ஊட்டிப் பார்த்தார். முன்னவை செழித்தன, பின்னவை மெலிந்தன. தென்னாட்டார்க்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்!

அக்காலத்தில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்டில், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் பணிபுரிந்து வந்தார். முகமும் காலும் வீங்கி, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையாகி மாண்ட சிறு குழந்தைகளைப் பற்றி 1933-இல் அவர் எழுதினார். அது பெல்லக்ரா என்னும் பழைய நோயே என்று வல்லுநர் சிலர் மறுத்தனர். அவரோ அந்நாட்டுத் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்கர்’ என்னும் பெயரையே 1935-இல் மருத்துவ உலகுக்கு அளித்தார். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு உண்டாகும் நோய் என்பது அதன் கருத்து. நம் பாட்டிமார் ‘சவலை’ என்றதும் அத்தகைய குழந்தையைத்தானே! கடல் கடந்த இரு நாட்டார், ஒருவரையொருவர் அறியாமலே, காரணத்தைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர்.

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1950-களில் குன்னூரில் இந்நோயை ஆராய்ந்தார். பாலுக்கு வழியில்லாத வீடுகளை எண்ணி, தாவரப் புரத உணவைக் கொண்டே இதனைத் தீர்க்கும் முறையை அவரும் உடன் உழைத்தோரும் ஆராய்ந்தனர். ஆராய்ச்சிசாலை பின்னர் ஐதராபாத்துக்கு மாறியது. ஒரே வகை உணவை உண்ணும் குழந்தைகளில் ஒன்று வற்றி உலர்வதும் மற்றொன்று வீங்குவதும் ஏன்? புரதக் குறைவு ஒன்றையே காரணமாகக் கூறுவது போதாது என்று அவர் 1968-இல் வாதிட்டார்.

சிகிச்சையிலும் ஓர் அபாயம் உண்டு. பசித்த குழந்தைக்கு வயிறு நிறைய ஊட்டுவதே இயல்பான எண்ணம். ஆனால் நெடுநாள் நலிந்த இதயமும் ஈரலும் அந்தச் சுமையைத் தாங்கமாட்டா; முதல் நாட்களிலேயே உயிர் பிரியலாம். ஆகவே முதலில் உடற்சூட்டையும் இரத்தச் சர்க்கரையையும் காத்து, காய்ச்சல் இல்லாவிடினும் கிருமிநாசினி மருந்து தருகின்றனர். 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முறைப்படி, 100 மில்லி லிட்டருக்கு 75 கலோரி மட்டுமே கொண்ட பாற்கலவையை, இரவிலும் விடாது, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஊட்டுகின்றனர். இரும்புச்சத்து மருந்தும் முதல் வாரத்தில் ஆகாது.

வீக்கம் வடியும்போது குழந்தையின் எடை குறையும். முன்னினும் மெலிந்த பிள்ளையைக் கண்டு தாய் கலங்குவாள். அந்நாட்களில்தான் குழந்தைக்குப் பசி திரும்புகிறது. கிண்ணத்துக்குக் கை நீட்டுகிறது.