சரித்திரம் என்று பெயர் வைத்த நாவல்கள்

புதிதாக எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த வகையில எழுதறது சார்? சரித்திரமா, க்ரைமா, குடும்பக் கதையா?" நான் பதிலுக்குத் தமிழ் நாவலின் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர் கொஞ்சம் நெளிவார். ஆனாலும் பதில் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆரம்பகால நாவல்கள் மூன்றின் பெயரைப் பாருங்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சானது. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893இல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வரத் தொடங்கியது. அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வந்தது. மூன்றுமே சரித்திரம், ஆனால் மூன்றுமே இன்று நாம் சொல்லும் சரித்திர நாவல் இல்லை. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஒருவருடைய வாழ்க்கைக் கதை என்றுதான் பொருள்.

முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு முன்னால் வகைகளின் பட்டியல் எதுவும் கிடையாது. நீதிபோதனை, கேலி, கிளைக்கதை எல்லாம் ஒரே இலையில் பரிமாறினார். ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ஒரு ராஜ்யத்தையே ஆள்கிறாள். ராஜமையரோ சிறுகுளம் என்ற கிராமத்தின் வம்புப் பேச்சில் தொடங்கி வேதாந்தத்தில் கொண்டுபோய் முடித்தார். இதெல்லாம் என்ன வகை என்று கேட்டால் இன்றைய பதிப்பாளர் திணறிப்போவார்.

வகை என்பது எப்போது பிறந்தது? வாசகர் ஒன்றைப் படித்துவிட்டு "இதே மாதிரி இன்னொண்ணு" என்று கேட்டபோது. 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ வந்தது. துப்பறியும் கோவிந்தன் வந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்தப் பாதையை அகலமாக்கினார்கள். ஆனால் ‘இராஜாம்பாள்’ வெறும் கொலைக் கதை இல்லை. கட்டாயக் கல்யாணத்தைப் பற்றிய சண்டையும் அதற்குள் இருக்கிறது. கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ள வந்தவரை உட்காரவைத்து, ஊர் வழக்கத்தைப் பற்றியும் யோசிக்க வைத்தார் ரங்கராஜு. துப்பறியும் நாவல் மட்டம், சமூக நாவல் உசத்தி என்ற நம் தராசு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

கல்கிக்கு வருவோம். 1937இல் ‘கள்வனின் காதலி’, 1941இல் ‘பார்த்திபன் கனவு’, 1948இல் ‘அலை ஓசை’, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’. கொள்ளைக்காரன் கதை, சரித்திரம், சமகாலம், மறுபடி சரித்திரம் என்று மாறிக்கொண்டே இருந்தார். தன் நூல்களில் நிலைத்து நிற்கத் தகுதியுள்ளது ‘அலை ஓசை’தான் என்பது அவர் கருத்து. சாகித்திய அகாதெமி விருதும் அவர் காலமான பிறகு, 1956இல், அதற்கே கிடைத்தது. ஆனால் தமிழர் வீட்டு அலமாரியில் ஏறி உட்கார்ந்தது ‘பொன்னியின் செல்வன்’. எழுதுகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், வாசகர் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.

அந்தச் சரித்திர நாவலின் அடிமடியில் இருப்பது என்ன? ஒரு கொலை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலான சிலரை உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அந்தக் கல்வெட்டு விட்டுவைத்த இடைவெளியில்தான் கல்கி அத்தனை அத்தியாயங்களையும் கட்டினார். குத்தியது யார் என்ற சந்தேகம் வாசகரை இன்னும் விடவில்லை. சரித்திரம் என்று பெயர் சொல்லி, துப்பறியும் கதையின் ஆவலை வாரா வாரம் ஊட்டினார்.

வகையை மாற்றினால் ஆபத்தும் மாறும். 1968இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ எழுதிய சுஜாதாவுக்குக் கொலை கைவந்த சமாச்சாரம். பிற்பாடு அதே குமுதத்தில் 1857 கிளர்ச்சியை வைத்து ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற தொடரை ஆரம்பித்தார். ஒரு சமூகத்தைப் பற்றிய சித்திரிப்புக்கு எதிர்ப்பு கிளம்பி தொடர் நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் வேறு விதமாக எழுதி முடித்தார். துப்பறியும் கதையில் பிணம் கற்பனை. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சரித்திரக் கதையில் செத்தவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த வகை ஓடுகிறது என்று பார்க்காதீர்கள். அது அடுத்த வருஷம் மாறிவிடும். உங்கள் வாசகர் எந்தக் கேள்வியோடு பக்கத்தைத் திருப்ப வேண்டும்? ‘யார் செய்தது’ என்றா, ‘இப்படி ஒரு காலம் இருந்ததா’ என்றா, ‘இந்தப் பெண் இனி என்ன செய்வாள்’ என்றா? அதை முடிவு செய்தால் வகை தானாக வந்துவிடும். முதல் அத்தியாயத்தில் கேட்க வைத்த கேள்வியைக் கடைசிவரை கைவிடாமல் இருங்கள். நடுவில் வேதாந்தமும் பேசலாம், கல்யாணச் சண்டையும் போடலாம். ராஜமையரும் ரங்கராஜுவும் அதைத்தான் செய்தார்கள்.